மிஞ்சும் பலகை



‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆற்றோடு போகிற பொருளுக்கு அளவு எதற்கு என்று சிறுவர் கேட்பதுண்டு. போவது எவ்வளவு என்று அறிந்தாலன்றி, கையில் இருப்பது எவ்வளவு என்று அறிதல் இயலாது என்பதே பெரியோர் அதற்குக் கூறும் விடை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இப்பழமொழியே தலைவாசலாக அமைகின்றது. ஒரு முழுப் பலகையை அறுத்து அலுமாரியோ மேசையோ செய்ய முற்படுகின்றபோது, செய்யப்போகும் பொருளைப் பற்றி நாம் நன்றாகவே எண்ணுகின்றோம்; மிஞ்சப்போகும் பலகையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அறுத்து முடிந்த பின்னர் மூலையில் சாத்தி வைக்கப்படும் அந்த மிச்சத்தையும், அறுக்கத் தொடங்குமுன்னரே திட்டமிடல் வேண்டும் என்பதைக் கூறுவதே என் நோக்கம்.

உங்கள் அருகில் ஒரு தாளும் பென்சிலும் இருப்பின் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைப் போல் இருமடங்கு நீளமுள்ள நீள்சதுரம் ஒன்றைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதுவே நமது பலகை. அதன் நீளம் 8 அடி. அகலம் 4 அடி. அங்குலத்திற் கூறினால் 96 அங்குல நீளமும் 48 அங்குல அகலமும் ஆகும். மில்லிமீற்றரில் 2440, 1220 என்று கடைகளில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான். பிளைவூட் என்று நாம் வழங்கும் ஒட்டுப்பலகை, எம்.டி.எப். பலகை, மெலமைன் ஒட்டிய பலகை ஆகியன பெரும்பாலும் இவ்வளவிலேயே விற்பனைக்கு வருகின்றன.

ஒட்டுப்பலகை இந்நாட்டுக்குப் புதிய பொருளன்று. தேயிலையை ஏற்றுமதி செய்வதற்குரிய பெட்டிகள் மெல்லிய ஒட்டுப்பலகையாலேயே நெடுங்காலம் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், காலிக்கு அண்மையிலுள்ள ஜின்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை அமைந்ததும் இத்தேவையை ஒட்டியே. ஓரங்களில் தகரப் பட்டி அடித்த அந்தத் தேயிலைப் பெட்டிகள், பின்னர் காகிதச் சாக்குகளுக்கு இடங்கொடுத்து மறைந்தன. ஆயினும் வயதில் மூத்த நேயர்கள் பலர், அப்பெட்டிப் பலகையிற் செய்த தட்டுகளையும் மறைப்புகளையும் தங்கள் வீடுகளிற் கண்டிருப்பீர்கள். பெட்டி பிரிந்த பின்னரும் பலகை பயன்பட்டது. ஏனெனில் பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் ஒரே துண்டாய், நேரான ஓரங்களுடன் இருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இப்பொருளை நான் கற்றது நூலிலன்று. என் பட்டறையில் நேர்ந்த ஒரு பிழையாற் கற்றேன். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய காலம். ஆசிரியை ஒருவருக்குச் சிறிய புத்தகத் தட்டு ஒன்று செய்துகொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு வேண்டியவை ஐந்து துண்டுகளே. பக்கப் பலகைகள் இரண்டு. ஒவ்வொன்றும் 47 அங்குல நீளம். தட்டுப் பலகைகள் மூன்று; ஒவ்வொன்றும் 31 அங்குல நீளம். ஐந்துக்கும் அகலம் 10 அங்குலம். முழுப் பலகை ஒன்றை வாங்கி வந்தேன். உதவிக்கு ஆள் இல்லை. மின்சாரம் நிற்பதற்கு ஒரு மணி நேரமே இருந்தது. முக்கால் அங்குலத் தடிப்புள்ள முழுப் பலகையைத் தனியே தூக்கி வாள்மேசையிலே தள்ளுவது எளிதன்று. ஆகவே முதலிற் பலகையைக் குறுக்கே அறுத்துச் சிறிதாக்கிக்கொண்டேன். பின்னர் அச்சிறு துண்டுகளை நெடுக்கே கிழித்தேன். வேலை விரைவாக முடிந்தது. புத்தகத் தட்டும் நன்றாகவே அமைந்தது. மிஞ்சிய மூன்று துண்டுகளைச் சுவரோடு சாத்திவிட்டு, பாதிக்கு மேற்பட்ட பலகை மிச்சம் என்று மனநிறைவு கொண்டேன்.

அடுத்த இரு மாதங்களில் நிகழ்ந்தவை நீங்கள் அறிந்தவையே. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. பலகையின் விலையும் அதனுடன் ஏறியது. அந்த மே மாதத்தில், கடற்றொழில் செய்யும் அயலவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். இளையவனும் அவளருகில் இருந்து படிப்பான். இருவரும் பக்கத்திற் பக்கம் இருந்து எழுதத்தக்க மேசை ஒன்று வேண்டும் என்றார். 5 அடி நீளமும் 2 அடி அகலமும் இருந்தாற் போதும். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினாற் படகு கரையிலே கிடந்த நாட்கள் அவை. புதிய பலகைக்குக் காசு கொடுக்க அவரால் இயலாது. சுவரோடு சாத்தியிருந்த துண்டுகளைக் காட்டி, “அண்ணை, மிச்சப் பலகை நிறையக் கிடக்குதல்லோ, அதிலை ஒண்டு பார்க்கேலாதோ?” என்று கேட்டார்.

பார்த்தேன். நிறையத்தான் கிடந்தது. ஆனால் 5 அடி நீளமுள்ள துண்டு ஒன்றேனும் இல்லை.

நேயர்களே, இப்பொழுது உங்கள் தாளிலே நான் செய்ததை வரைந்து பாருங்கள். 96 அங்குல நீளத்தில், இடப்பக்கத்திலிருந்து 47 அங்குலத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அந்த 47 அங்குலப் பகுதியிலிருந்து 10 அங்குல அகலத்தில் இரண்டு பக்கப் பலகைகளை எடுத்தேன். அங்கே மிஞ்சியது 47 அங்குல நீளமும் 27¾ அங்குல அகலமும் உள்ள துண்டு. இருபதைக் கழித்தால் 28 அல்லவா வரும், கால் அங்குலம் எங்கே போயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். அதனை வாள் தின்றது. அதைப் பற்றிப் பின்னர் கூறுவேன். அடுத்து, 31 அங்குலம் தள்ளி மேலிருந்து கீழாக மற்றொரு கோடு. அப்பகுதியிலிருந்து மூன்று தட்டுப் பலகைகளை எடுத்தேன். அங்கே மிஞ்சியது 31 அங்குலத்துக்கு 17⅝ அங்குலம். வலப்பக்க ஓரத்தில் மிஞ்சியது 48 அங்குலத்துக்கு 17¾ அங்குலம். ஆக மூன்று துண்டுகள். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 18¾ சதுர அடி.

இனி, அதே ஐந்து துண்டுகளை வேறொரு வகையில் எடுப்போம். மற்றொரு நீள்சதுரம் வரையுங்கள். பலகையின் நீண்ட ஓரத்திலிருந்து 10 அங்குல அகலத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நெடும் பட்டியைக் கிழியுங்கள். அதே ஓரத்திலிருந்து இன்னுமொரு பட்டி. முதற்பட்டியில் 47 அங்குலத்தில் இரண்டு பக்கப் பலகைகள் அடங்கும். இரண்டாம் பட்டியில் 31 அங்குலத்தில் மூன்று தட்டுப் பலகைகள் அடங்கும். இரு பட்டிகளின் கடைசியிலும் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சிறு முனைகள் வீணாகும். ஆனால் எஞ்சுவதைப் பாருங்கள். 96 அங்குல நீளமும் 27¾ அங்குல அகலமும் கொண்ட ஒரே பலகை! அதன் பரப்பு 18½ சதுர அடி.

இவ்விரு கணக்குகளையும் அன்றிரவு விளக்கு வெளிச்சத்திலே போட்டுப் பார்த்தபோது நான் வியப்படைந்தேன். பரப்பை மட்டும் நோக்கினால், நான் அவசரத்தில் அறுத்த முறையே கால் சதுர அடி அதிகமாக மிச்சம் பிடித்திருந்தது! கழிவு எவ்வளவு என்று மட்டும் ஒருவர் கணக்குக் கேட்டிருந்தால், அன்று எனக்கே பாராட்டுக் கிடைத்திருக்கும். ஆயினும் அந்த 18¾ சதுர அடியில் 10 சதுர அடி மேசை ஒன்றை எடுக்க இயலவில்லை. மற்ற முறையில் மிஞ்சியிருக்கக்கூடிய 18½ சதுர அடியிலோ, 5 அடி மேசையை எடுத்த பின்னரும் ஏறக்குறைய 36 அங்குலத்துக்கு 27¾ அங்குலம் கொண்ட இன்னொரு நல்ல துண்டு எஞ்சியிருக்கும்.

ஆகவே, மிச்சத்தின் பெறுமதி அதன் பரப்பிலே தங்கியிருக்கவில்லை; அதன் வடிவிலே தங்கியிருக்கின்றது. பெரிய துண்டிலிருந்து எத்தனை சிறு துண்டுகளை வேண்டுமாயினும் நாளை எடுக்கலாம். சிறு துண்டுகளைக் கூட்டி ஒரு பெரிய துண்டை ஆக்குதல் ஒட்டும் இணைப்புமின்றி நடவாது. அவ்வாறு ஆக்கினும் அது முழுப் பலகையின் உறுதியையும் தோற்றத்தையும் பெறுவது அரிது. பனைமரத்தைப் பிளந்து வளையும் சிலாகையும் ஆக்கும்போது, குறுந்தேவைக்கு நெடுமரத்தை வெட்டலாகாது. கூரை ஒன்றுக்கு முழுநீளச் சிலாகை வேண்டிய நாளில் துண்டுகள் எதற்கு உதவும்? மரத்தின் நீளத்துக்குக் கூறிய அந்த அறிவுரை, பலகையின் நீள அகலம் இரண்டுக்கும் பொருந்துவதே.

இனி, திட்டமிடும் முறையை ஒழுங்காக நோக்குவோம்.

முதலாவது, அறுக்குமுன் எல்லாத் துண்டுகளின் நீள அகலங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எழுதும்போது பெரியதை முதலிலும் சிறியதை இறுதியிலும் எழுதுக. பலகையிலே பெரிய துண்டுகளுக்கு முதலில் இடம் குறித்துவிட்டால், சிறியவை இடைவெளிகளில் அடங்கிக்கொள்ளும். சிறியவற்றை முதலில் பரப்பினாற் பெரியவற்றுக்கு இடமின்றிப் போகும். பெட்டியிலே உடுப்பு அடுக்குகின்ற எவரும் அறிந்த உண்மை இது.

இரண்டாவது, ஒரே அகலமுள்ள துண்டுகளை ஒரே பட்டியிற் சேர்த்தல் வேண்டும். நமது புத்தகத் தட்டிலே ஐந்து துண்டுகளுக்கும் அகலம் 10 அங்குலமாயிருந்தது. ஆகவே இரண்டு பட்டிகள் போதுமாயின. ஒரே வைப்பிற் கிழித்த துண்டுகள் அகலத்தில் மயிரிழையும் வேறுபடா என்பது இதனால் வரும் மற்றொரு நன்மை. பொருளை வரையும்போதே இதனை எண்ணிக்கொண்டால், 10 அங்குலம், 10½ அங்குலம், 9¾ அங்குலம் என்று காரணமின்றிப் பலவகை அகலங்களை வைத்துப் பலகையைச் சிதறடிக்கும் வழக்கம் நீங்கும்.

மூன்றாவது, வாள் தின்னும் மரத்தைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வாள் மெல்லிய கோட்டிலே செல்வதன்று. அது செல்லும் தடமெல்லாம் தூளாகின்றது. வட்டவாளின் தடம் ஏறக்குறைய ⅛ அங்குலம் எனக் கொள்ளலாம். 48 அங்குல அகலப் பலகையை நான்காற் பிரித்தால் 12 அங்குலத்தில் நான்கு தட்டுகள் கிடைக்கும் என்று கணக்குப் புத்தகம் கூறும். பட்டறையிலோ மூன்று தட்டுகள் 12 அங்குலமாகவும், நான்காவது 11⅝ அங்குலமாகவும் வரும். மூன்று தடங்களிலே போன ⅜ அங்குலமும் கடைசித் தட்டின் தலையில் விழுகின்றது. அந்த நான்காம் தட்டுக்காக இன்னொரு முழுப் பலகையைத் திறந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். தட்டின் அகலத்தை 11⅞ அங்குலம் என்று முதலிலேயே குறைத்து வரைந்திருந்தால் நான்கும் ஒரே பலகையில் அடங்கியிருக்கும். வரைபடத்திலே ⅛ அங்குலம் விட்டுக்கொடுத்தால் முழுப் பலகை ஒன்று மிச்சமாகும்.

நான்காவது, மரத்தின் நார் ஓடும் திசையை மறவாதிருத்தல் வேண்டும். ஒட்டுப்பலகை என்பது மரக்குற்றியைச் சுழற்றி மெல்லிய ஏடாகச் சீவி, அவ்வேடுகளை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு ஒட்டியதாகும். மேல் ஏட்டின் நார் வழக்கமாகப் பலகையின் 8 அடி நீளத்தின் திசையிலே ஓடும். அத்திசையில் நீளமாக எடுத்த தட்டு பாரத்துக்கு நன்கு தாங்கும்; குறுக்கே எடுத்த தட்டு அந்த அளவுக்குத் தாங்காது. என்னிடம் மிஞ்சிய மூன்று துண்டுகளில் 48 அங்குல நீளமுடையது ஒன்று இருந்ததல்லவா? அதன் நார் நீளவாட்டில் ஓடவில்லை. 17¾ அங்குலக் குறுக்கிலே ஓடியது. பார்வைக்கு நல்ல தட்டுப் பலகை. புத்தகம் அடுக்கினால் நடுவிலே தொய்யும். இவ்வாறு, அளவிருந்தும் பயன்குறைந்த மிச்சங்கள் உண்டு.

ஐந்தாவது, ஓரத்தைப் பற்றியது. பலகையின் மூலைகள் ஏற்றி இறக்கும்போது அடிபட்டிருக்கலாம். குறுக்கு மூலைகள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் சமமாயின் பலகை மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்கின்றது. அவ்வாறு நேராக வந்த ஓரம் ஒன்றையேனும் மிச்சத் துண்டிலே விட்டுவைப்பது நன்று. அடுத்த முறை அறுக்கும்போது, வாளுக்கு அண்டைகொடுக்க நேரான ஓரம் ஒன்று ஆயத்தமாயிருக்கும். தேயிலைப் பெட்டிப் பலகை மறுமுறையும் பயன்பட்டமைக்குக் காரணம் இதுவே என்று முன்னர் கூறினேன்.

ஆறாவதாகக் கூறுவது சற்று நுட்பமானது. பலகையின் ஒரு மூலையிலிருந்து ஒரேயொரு துண்டு மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் கொண்டது. அதனை எடுத்துவிட்டால் எஞ்சும் பலகை நமது ‘ட’ என்னும் எழுத்தின் வடிவில் இருக்கும். இந்த ‘ட’வை நேரான ஒரு வெட்டினாற் பிரிப்பதற்கு இரு வழிகள் உண்டு. நெடுக்கே கிழித்தால், 96 அங்குலத்துக்கு 27⅞ அங்குலம் கொண்ட நீண்ட பலகை ஒன்றும், 65⅞ அங்குலத்துக்கு 20 அங்குலம் கொண்ட துண்டு ஒன்றும் வரும். குறுக்கே அறுத்தால், 65⅞ அங்குலத்துக்கு 48 அங்குலம் கொண்ட அகன்ற பலகை ஒன்றும், 30 அங்குலத்துக்கு 27⅞ அங்குலம் கொண்ட சிறு துண்டு ஒன்றும் வரும். எது சிறந்தது? அலுமாரிக் கதவுகள் செய்பவருக்கு முதலாவது. அகன்ற மேசைகள் செய்பவருக்கு இரண்டாவது. இன்னும் தெரியாத நிலையில் இருப்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. கைவாளினால் மூலையை மட்டும் அறுத்தெடுத்து, ‘ட’ வடிவத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் அவ்வழி. அடுத்த வேலை வந்து கேட்கும்வரை அந்த வெட்டைத் தள்ளிப்போடலாம். அறுத்த பலகை மீண்டும் வளராது. அறுக்காத பலகை எவ்வளவு காலமும் காத்திருக்கும்.

நேயர்களே, இஃது ஊர்த் தச்சனின் சிறு கவலை என்று எண்ணிவிடாதீர்கள். கணித அறிஞரையும் ஆட்கொண்ட பொருள் இது. 1938 ஆம் ஆண்டில், சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரில், ஒட்டுப்பலகைத் தொழிற்றுறையைச் சேர்ந்த ஆய்வுகூடத்தார், லியோனிட் கன்றோரோவிச் என்னும் இளங் கணிதப் பேராசிரியரிடம் ஒரு வினாவுடன் சென்றனர். பலவகை மரக்குற்றிகளைச் சீவும் பொறிகள் பல இருக்கின்றன. எந்தப் பொறிக்கு எந்த மரத்தைக் கொடுத்தால் விளைவு மிகும் என்பது அவ்வினா. அதனை ஆராயப் புகுந்தவர், தொழிற்சாலைப் பிரச்சினைகள் பலவற்றுக்கும் பொதுவான கணித வடிவம் ஒன்று இருப்பதைக் கண்டார். 1939 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூலில், கழிவு குறையுமாறு பொருள்களை வெட்டும் முறையும் இடம்பெற்றது. அத்துறையிற் செய்த பணிக்காக 1975 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும், கூப்மன்ஸ் என்னும் அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும், கில்மோர், கொமோறி என்னும் இருவர், கணினியின் துணையுடன் வெட்டுத் திட்டங்களை வகுக்கும் வழியை மேலும் வளர்த்தனர்.

இன்று கைத்தொலைபேசியிலேயே துண்டுகளின் அளவைக் கொடுத்தால், எவ்வாறு அறுக்கலாம் என்று படம் வரைந்து காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால், கழிவின் பரப்பைக் குறை என்று மட்டும் கேட்டால், அவை என் மார்ச் மாதத்து வெட்டையே சிறந்ததெனக் காட்டக்கூடும். பரப்பினால் அதுவே கால் சதுர அடி மேலானதல்லவா? நாளைக்கு எனக்கு என்ன வேண்டியிருக்கும் என்பதைப் பொறி அறியாது. அதனை அறிந்தவர் பட்டறைக்காரரே.

ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பட்டறையிலே அடிக்கடி வேண்டப்படும் அளவுகள் எவை என்பதை அறிந்து வைத்தல் நன்று. கதிரை இருக்கை, லாச்சியின் அடிப்பலகை, அலுமாரித் தட்டு, பாடசாலை மேசைப் பலகை என்று ஐந்தாறு அளவுகளே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சுவரிலே தொங்கவிடுங்கள். வெட்டுத் திட்டம் வரையும்போது அவ்வட்டையை ஒருமுறை பாருங்கள். மிஞ்சும் துண்டு அவ்வளவுகளில் ஒன்றுக்கேனும் இடங்கொடுக்குமாயின் திட்டம் நன்று. அரை அங்குலம் குறைவதால் இடங்கொடாமற் போகுமாயின், கோட்டைச் சற்று நகர்த்திப் பாருங்கள். தாளிலே கோட்டை நகர்த்துவதற்குச் செலவில்லை.

மிஞ்சிய துண்டைப் பாதுகாப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. அதன் முகத்திலே பென்சிலால் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் எழுதி, நார் ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி இடுங்கள். நிலத்து ஈரம் ஏறாதவாறு கட்டைகளின்மேல், புத்தகங்களைப் போல் நிமிர்த்தி அடுக்குங்கள். சுவரிலே சாய்த்துவிட்ட பலகை நாளடைவில் வளையும். பின்னாலிருக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியாத பட்டறையில், இருக்கின்ற துண்டும் இல்லாத துண்டே. அதனைத் தேடும் நேரத்தில் புதிய பலகையை அறுத்துவிடத் தோன்றும்.

‘சிறு துரும்பும் பல்லுக்குதவும்’ என்ற பழமொழியை இங்கே சிலர் நினைவூட்டக்கூடும். உண்மைதான். ஆயினும் பட்டறை நிறையத் துரும்பைச் சேர்த்தால், வேலை செய்ய இடமிராது. கறையானுக்கு விருந்து வைத்ததாகவும் முடியும். எந்த அளவுக்குக் கீழ்ப்பட்டதை வைத்திருப்பதில்லை என்று ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். என் பட்டறையில், இரு பக்கமும் ஓர் அடிக்குக் குறைந்த துண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பொம்மை செய்யப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். ஒட்டுப்பலகையையும் எம்.டி.எப். பலகையையும் அடுப்பிலே எரிப்பது நன்றன்று. ஒட்டுப்பசையின் புகை உடலுக்குத் தீங்கானது.

இன்னொன்றையும் நேர்மையாகக் கூறிவிடுகின்றேன். நான் முதலிற் குறுக்கே அறுத்தது எப்போதும் பிழை என்று கொள்ளலாகாது. தனியே வேலை செய்பவர் முழுப் பலகையைத் தள்ள முயன்று, வாள் இறுகிக் கையைக் கெடுத்துக்கொள்வதைவிட, குறுக்கே அறுப்பது மேல். ஆனால் அதற்கும் வழி உண்டு. பலகையை நிலத்திலே கட்டைகளின்மேற் படுக்கவைத்து, நேரான சட்டம் ஒன்றை அண்டையாகக் கட்டி, கையில் பிடிக்கும் வட்டவாளை அதன் ஓரமாகச் செலுத்தினால், பலகை அசையாமலிருக்க வாளே நகரும். ஒருவரே நெடுக்கே கிழித்துவிடலாம். அன்று எனக்கு அது தெரியாததன்று. மின்சாரம் நின்றுவிடும் என்ற அவசரத்தில் எண்ணிப்பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் தாளிலே கோடு வரைந்திருந்தால் போதும்.

அயலவருக்குக் கொடுத்த மேசை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 47 அங்குலத் துண்டிலே, 2 அடி அகலத்தில், ஒரு மேசை செய்தேன். கால்களுக்குப் பட்டறையிற் கிடந்த வேப்பமரச் சட்டங்களை எடுத்தேன். கூலி வாங்கவில்லை. அவர் நன்றி கூறியே கொண்டுசென்றார். குறை எதுவும் சொல்லவில்லை. சில நாட்களின் பின் அவ்வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. அக்காள் மேசையிலே விரித்த புத்தகங்களோடு இருந்தாள். தம்பி திண்ணையிலே குப்புறக் கிடந்து எழுதிக்கொண்டிருந்தான். இருவருக்கும் இடம் போதவில்லை. பலகைக்குக் குறைவில்லை, 13 அங்குல நீளமே குறைவாயிருந்தது. அந்த 13 அங்குலமும் என் பட்டறைச் சுவரிலே, வேறு இரண்டு துண்டுகளாய்ச் சாய்ந்து கிடந்தது.

அதன் பின்னர், முழுப் பலகை ஒன்று பட்டறைக்குள் வந்தால், அதன்மேல் முதலிற் செல்வது வாளன்று, பென்சிலே. செய்யப்போகும் பொருளின் துண்டுகளை ஒரு நீண்ட ஓரத்தோடு நெருக்கிக் குறித்துவிட்டு, மற்ற ஓரத்திலே எஞ்சும் வெறும் பலகையின் நீள அகலத்தையும் எழுதுகின்றேன். அந்த வெறும் பலகைக்கு இன்னும் பெயரில்லை. யாருடைய மேசையோ, யாருடைய கதவோ அதற்குள் இருக்கின்றது. அவர் நாளை வாசலுக்கு வரக்கூடும்.

உங்கள் தாளிலே வரைந்த இரு படங்களையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த முறை வீட்டுக்குப் பலகை வாங்கும்போது, தச்சுவேலை செய்பவரிடம் அவற்றைக் காட்டி, மிச்சம் எந்த வடிவில் வரும் என்று அறுக்குமுன்னரே கேளுங்கள். பலகைக்குக் காசு கொடுப்பவர் நீங்கள், மிச்சமும் உங்களுடையதே.